மடித்து வைத்த தார்ப்பாய்

பாலம் கட்டும் இடத்திலிருந்து மேஸ்திரி டிராக்டரில் வந்து இறங்கியபோது, தையல்காரி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்து ஒரு லாரித் தார்ப்பாயின் கிழிசலுக்கு ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தாள். எதிர்ச்சாரியில் என் சைக்கிள் கடை. டிராக்டர் பெட்டியில் கூடாரத் துணிகள் குவிந்து கிடந்தன. அவற்றின் பூசண வாடை தெருவைக் கடந்து என் கடைக்குள்ளேயே வந்துவிட்டது.

"எல்லாம் ஒழுகுதும்மா," என்றார் மேஸ்திரி. "போன வாரம் லேசா ஒரு தூறல்தான். அதுக்கே ஆளாளுக்குச் சட்டி பானையை ஏந்திக்கிட்டு உக்காந்திருந்தோம். குழந்தை குட்டியோட இருக்குற சனம். ஒருத்தி இப்பத்தான் பிள்ளை பெத்திருக்கா. மழை புடிச்சுக்கிட்டா அங்க ஒரு பொழுது இருக்க முடியாது."

அவள் எழுந்துபோய் ஒரு துணியின் ஓரத்தை இழுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்தாள். பிறகு முகர்ந்தாள். அவள் எதையும் முகராமல் ஒப்புக்கொள்ள மாட்டாள்.

"துணி கெட்டுப்போகல. மேல இருந்த பூச்சுதான் போயிடுச்சு. எப்ப வேணும்?"

"மழைக்கு முன்னாடி."

"மழை எப்ப வருதாம்?"

"அதை உன்னைத்தான் கேக்கலாம்னு வந்தேன். உனக்கும் மேகத்துக்கும் பேச்சுவார்த்தை உண்டுன்னு லாரிக்காரங்க சொல்றாங்களே."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தால் அவள் வேலையை ஒப்புக்கொண்டாள் என்று அர்த்தம். மேஸ்திரிக்கும் அது தெரிந்திருக்க வேண்டும். உடனே அடுத்ததைச் சொன்னார். "இன்னொண்ணும் இருக்கு. சிமெண்டு மூட்டை அடுக்கியிருக்கோம். அதுக்கு மேல போட்டு மூட மூணு பெரிய பாய். அதுல தண்ணி தேங்கி நின்னாக்கூட கீழ ஒரு சொட்டு எறங்கக் கூடாது."

அவள் சிரிப்பு நின்றுபோனது. "அதுக்கு எண்ணெய்தான் போடணும்," என்றாள், தனக்குத்தானே சொல்லிக்கொள்வதுபோல.

எங்கள் தெரு லாரிகள் நிற்கிற தெரு. வெல்டிங் பட்டறை, டயர்க் கடை, டீக்கடை, ஸ்பிரிங் அடிக்கிற இடம் என்று வரிசையாக இருக்கும். தார்ப்பாய் வேலைக்கென்று இருந்தது அவள் குடும்பம் ஒன்றுதான். அவள் அப்பா காலத்தில் தெருக்கோடியில் ஒரு பெரிய கொட்டகை. அப்பா போன பிறகு அண்ணனும் தங்கையும் சேர்ந்து நடத்தினார்கள். துணியில் தண்ணீர் இறங்காமல் செய்ய அவர்களிடம் மூன்று வழிகள் இருந்தன. சோப்புக் கரைசலிலும் படிகாரத் தண்ணீரிலும் முக்கி எடுப்பது ஒன்று. அது கூடாரத்துக்கு. துணி கனக்காது, உள்ளே இருக்கிறவனுக்கு மூச்சும் முட்டாது. தேன்மெழுகை உருக்கித் தேய்ப்பது இன்னொன்று. ஆளிவிதை எண்ணெயைக் காய்ச்சிப் பூசுவது மூன்றாவது. பெயிண்ட் கடையில் லின்சீட் என்று கேட்டால் கொடுப்பார்களே, அந்த எண்ணெய்தான். அது காய்ந்துவிட்டால் துணி தோல்போல ஆகிவிடும். அதன்மேல் குளமே தேங்கினாலும் கவலையில்லை.

ஒருநாள் விடியற்காலையில் அந்தக் கொட்டகை எரிந்துபோனது. முந்தின நாள் லாரியிலிருந்து வந்து அங்கே வாசல்பக்கம் படுத்துத் தூங்கியவர் அவள் புருஷன். டிரைவர். வாயில் எப்போதும் சுருட்டு இருக்கும். வேறு யாரைச் சொல்வது? அண்ணன் ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்: "உன் புருஷன் சுருட்டுதான் என் பொழைப்பைக் கொளுத்திடுச்சு." டிரைவர் அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை. சுருட்டை மட்டும் விட்டுவிட்டார். விட்டதே ஒப்புக்கொண்டதற்குச் சமம் என்று தெரு பேசிக்கொண்டது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

அண்ணன் லாரி நிறுத்தத்துக்கு அந்தப் பக்கம் போய் மெழுகு வேலையை மட்டும் தொடங்கினார். மெழுகுக்காரர் என்றே பெயர் ஆகிவிட்டது. எண்ணெயைத் தொடுவதில்லை. தங்கை வீட்டு வாசலிலேயே தைக்கவும் படிகாரத் தண்ணீரில் முக்கவும் ஆரம்பித்தாள். அவளும் எண்ணெயைத் தொடுவதில்லை. அண்ணனும் தங்கையும் எதிரெதிரே வந்தால் ஒருவர் டயர்க் கடையைப் பார்ப்பார், இன்னொருவர் டீக்கடையைப் பார்ப்பார். அண்ணி மட்டும் என் கடைக்குக் காற்றடிக்க வருவதுபோல சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து, இங்கிருந்தே நாத்தனாரோடு நாலு வார்த்தை பேசிவிட்டுப் போவார். அந்த சைக்கிளுக்கு அடித்த காற்றுக்கு ஒரு பலூன் கடையே வைத்திருக்கலாம்.

மேஸ்திரி போனதும் வேலை தொடங்கியது. பின்கட்டில் இரண்டு பெரிய தொட்டிகள். மஞ்சள் பார் சோப்பைக் கத்தியால் சீவி வெந்நீரில் போட்டுக் கலக்கினாள். கூடாரத் துணியைக் கழுவிக் காயவைத்து, அந்தச் சோப்புத் தண்ணீரில் ஊறப்போட்டு, இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து முறுக்கிப் பிழிய வேண்டும். அந்த இரண்டாவது ஆள் பெரும்பாலும் நான்தான். கடைக்கு யாராவது வந்தால் ஈரக் கையோடு ஓடுவேன். பிழிந்ததைப் படிகாரத் தண்ணீரில் போட்டதும் துணி முழுக்கப் பால் திரிந்ததுபோல வெள்ளை வெள்ளையாகப் படியும். அதுதான் நூலுக்கு நூல் இருக்கிற இடைவெளியை அடைக்கிறது.

காய்ந்த பிறகு அவள் ஒவ்வொன்றையும் சோதிப்பாள். துணியை நடுவில் குழிவாக்கி ஒரு செம்புத் தண்ணீரை ஊற்றிவிட்டு வேறு வேலை பார்ப்பாள். திரும்பி வந்து அடியில் புறங்கையை வைத்துப் பார்ப்பாள். ஈரம் இல்லையென்றால், "போ, பொழைச்சுக்கோ," என்று துணியைத் தட்டிக்கொடுப்பாள்.

கூடாரங்கள் முடிகிற சமயத்தில் டிரைவர் லோடு இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தார். வாசலில் இருந்த எண்ணெய் டின்னைப் பார்த்ததும் படியிலேயே நின்றுவிட்டார்.

"இது எதுக்கு?"

"சிமெண்டுப் பாய்க்கு."

"மெழுகு போடேன்."

"மெழுகை நான் யார்கிட்டப் போய் வாங்குறது? அவ்வளவு பெரிய பாய்க்கு மெழுகு போட்டா நாலு பேரு சேர்ந்து தூக்கணும். வெயில்ல இளகும், மடிச்ச எடத்துல வெடிக்கும்."

"எண்ணெய் வேணாம். சொன்னாக் கேளு. மேஸ்திரிகிட்ட முடியாதுன்னு சொல்லிடு."

"ஒத்துக்கிட்டேன். அங்க பச்சைக் குழந்தைய வச்சுக்கிட்டு ஒருத்தி காத்திருக்கா. நான் பத்திரமா பாத்துக்குறேன். அடுப்புகூடப் பத்தவைக்கப் போறதில்ல."

"எனக்கு மனசு சரியில்லங்குறேன்."

"உங்களுக்கு என்ன? நீங்கதான் நாளைக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிடுவீங்களே. நீங்க இல்லாத வீட்டுல நெருப்பு எங்கேருந்து வரும்?"

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே தெரிந்தது. நான் ஒரு சக்கரத்தைச் சுற்றிவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். டிரைவர் கோபப்படவில்லை. தலையை ஒருமுறை ஆட்டினார், கணக்கு சரிதான் என்பதுபோல. தோளில் இருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு லாரிக்கே திரும்பிப் போய்விட்டார். சோறு தட்டில் போட்டது போட்டபடி இருந்தது. காலையில் லாரி கிளம்புகிற சத்தம் கேட்டபோது அவள் வாசலுக்கு வரவில்லை. ஜன்னலில் நின்றது எனக்குத் தெரிந்தது.

எண்ணெய் வேலையை அவள் அவ்வளவு ஜாக்கிரதையாகச் செய்தாள். அடுப்பு பற்றவைக்கவில்லை. டீக்கடையிலிருந்து டீயும் ரொட்டியும் வாங்கிச் சாப்பிட்டாள். விளக்குத் திரிகூட ஏற்றவில்லை. தெருவில் சிகரெட்டோடு போகிறவனைப் பார்த்தால், "அந்தப் பக்கமா போங்கய்யா," என்று கத்துவாள். காய்ச்சின எண்ணெயில் டர்பன்டைன் கலந்து, கொஞ்சம் விளக்குக் கரி சேர்த்து, கந்தல் துணியால் தொட்டுத் தொட்டுத் தேய்த்தாள். அதிகம் பூசக் கூடாது. "எண்ணெய் குடிச்ச துணி வழுக்கும், எண்ணெய் தடவின துணிதான் நிக்கும்," என்று சொல்லிக்கொண்டே தேய்ப்பாள். முழங்கைவரை கருப்பு. மூன்று பாய்களையும் தெருவுக்குக் குறுக்கே கயிற்றில் போட்டாள். லாரிக்காரர்கள் குனிந்து வண்டியை ஓட்டினார்கள் என்று சொன்னால் மிகை. ஆனால் திட்டிக்கொண்டே சுற்றிப் போனார்கள்.

பாய் முழுசாகக் காய இன்னும் வெயில் வேண்டியிருந்தது. ஆனால் ஒரு மத்தியானம் காற்று திடீரென்று நின்றது. வெயில் மங்கியது. மேற்கே ஒரு கறுப்பு. முதல் துளி என் கையில் விழுந்தபோதே அவள் கத்திவிட்டாள். "சைக்கிள் அண்ணே, ஓடி வாங்க!"

பாதி காய்ந்த எண்ணெயில் மழை பட்டால் பூச்சு வெளுத்துப் புள்ளி புள்ளியாகிவிடும். நானும் டயர்க் கடைக்காரரும் அவளுமாக மூன்று பாய்களையும் இழுத்து, கிடைத்த வாக்கில் மடித்து, அவள் வீட்டு முன்னறையில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினோம். மேலே சாக்கு போட்டு மூடினாள். தூறல் அப்படியே நின்றுபோனது. ஆனால் வானம் இனி நம்பக்கூடியதாக இல்லை. மேஸ்திரியின் டிராக்டர் வந்துவிட்டது. "கூடாரத்தையாவது கொண்டுபோய்க் கட்டிடலாம், வாம்மா," என்று அவர் அவசரப்பட்டார். அவள் ஜன்னலைச் சாத்தி, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு டிராக்டரில் ஏறினாள். கயிற்று முடிச்சுப் போட ஆள் வேண்டுமென்று என்னையும் ஏற்றிக்கொண்டார்கள்.

ஆற்றங்கரையில் கூடாரங்களைக் கட்டி முடிக்கவும் தூறல் மறுபடி தொடங்கவும் சரியாக இருந்தது. துளிகள் துணியில் விழுந்து மணிகளாக உருண்டு ஓடின. பிள்ளை பெற்றவள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மேலேயே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். எங்காவது சொட்டும், எங்காவது சொட்டும் என்று பார்க்கிறவளின் பார்வை. கொஞ்ச நேரம் கழித்துக் குழந்தையைக் கீழே படுக்கவைத்துவிட்டுத் தானும் பக்கத்தில் சாய்ந்தாள். தையல்காரி அதைப் பார்த்தபடி சேலை முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டாள். "தூங்கட்டும், வாங்க போலாம்," என்றாள்.

வீட்டுக்கு வரும்போது தூறல் விட்டு, சாயங்கால வெளிச்சம் தெருவில் மிச்சமிருந்தது. அவள் கதவுக்குப் பக்கத்தில் போனவள் நின்றாள். மூக்கை உறிஞ்சினாள்.

"அண்ணே, ஏதோ தீயுற வாடை."

எனக்கும் வந்தது. கசப்பான, தொண்டையைப் பிடிக்கிற வாடை. அவள் பூட்டைத் திறந்தாள். அறை அடுப்புப் பற்றவைத்த அறைபோல வெதுவெதுவென்று இருந்தது. சாக்குக்கு அடியிலிருந்து மெல்லிசாகப் புகை. அவள் சாக்கைத் தள்ளிவிட்டு மடிப்புக்கு நடுவில் கையை விட்டவள், "ஐயோ!" என்று உதறி எடுத்தாள். விரல்கள் சிவந்துவிட்டன.

"வெளிய இழுங்க! வெளிய!"

எப்படி இழுத்தோமோ தெரியாது. நடுத்தெருவில் போட்டு மடிப்பை விரித்தோம். காற்று பட்டதும் நடுவில் ஒரு வட்டம் சிவப்பாகக் கனன்று, ஓரம் ஓரமாகத் தின்றுகொண்டே போயிற்று. டீக்கடைக்காரர் குடத்தோடு ஓடி வந்தார். தண்ணீர் ஊற்றியதும் சீறிக்கொண்டு அடங்கியது. ஒரு பாய் போய்விட்டது. மற்ற இரண்டும் சூடாக இருந்தனவே தவிர, கருகவில்லை. அவற்றை மறுபடி கயிற்றில் விரித்துப் போட்டோம்.

"யாராவது ஜன்னல் வழியா எதையாவது வீசியிருப்பானுங்க," என்றார் டயர்க் கடைக்காரர்.

"ஜன்னல் சாத்தியிருக்கு," என்றாள் அவள்.

"அடுப்பு?"

"பத்தவைக்கல."

"கரண்டுல ஏதாவது..."

"அந்த ரூம்ல கரண்டே கிடையாது." அவள் கருகிய ஓட்டையைப் பார்த்தபடியே பேசினாள். "வீட்டுல யாருமில்ல. வீடு பூட்டியிருந்துச்சு. அது தானா எரிஞ்சிருக்கு. உள்ளேருந்து எரிஞ்சிருக்கு. மேல போட்ட சாக்குக்குக்கூட ஒண்ணும் ஆகல பாருங்க."

அப்புறம் அப்படியே தெருவில் உட்கார்ந்துவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"அன்னிக்கும் மழைதான் அண்ணே," என்றாள். "கொட்டகை எரிஞ்சதுக்கு முந்தின நாளு. நாங்க பாதி காஞ்ச பாயை மடிச்சு வச்சோம்."

கையைக்கூடக் கழுவவில்லை. ஓட்டை விழுந்த பாயைத் தோளில் போட்டுக்கொண்டு, லாரிகளுக்கு நடுவே புகுந்து, இத்தனை வருஷமாகப் பார்க்காத அந்தப் பக்கத்துக்கு நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன்.

மெழுகுக்காரர் வெந்நீர்ச் சட்டிக்குள் மெழுகுப் பாத்திரத்தை வைத்து உருக்கிக்கொண்டிருந்தார். தங்கையைப் பார்த்ததும் கையில் இருந்த கரண்டி அந்தரத்தில் நின்றது. அண்ணிதான் முதலில் பேசினார். "என்ன கோலம் இது? கையில என்ன? சுட்டுக்கிட்டியா?"

அவள் பாயைக் கீழே போட்டாள். "அண்ணா, இதைப் பாருங்க."

அவர் பார்த்தார். குனிந்து ஓட்டையின் ஓரத்தை விரலால் தடவினார். "எண்ணெய் போட்டியா? உனக்கென்ன பைத்தியமா?"

"பூட்டின வீட்டுல எரிஞ்சுது. நெருப்பே இல்ல. அவரு ஊர்லயே இல்ல."

"எவனாவது..."

"எவனும் இல்ல. சைக்கிள் அண்ணன் சாட்சி. பாதி காஞ்சதை மடிச்சு வச்சேன். அன்னிக்கு மாதிரியே."

அவர் நிமிரவில்லை. "எண்ணெய்ப் பாய் சூடாகும், அது அப்பாவுக்கே தெரியும். மடிச்சு வச்சா கோழி அடைகாத்த எடம் மாதிரி வெதுவெதுப்பா இருக்கும். அதுக்காக நெருப்பா? தானா நெருப்பு வருமா?"

"அதைத்தான் நானும் கேக்குறேன். வருமா வராதான்னு பாத்துடலாமா? உங்களுக்குப் பயமா இருந்தா வேணாம்."

"எனக்கென்ன பயம்?" என்றார் அவர். ஆனால் அந்தக் குரலில் பயம் இருந்தது.

மறுநாள் காலையில் மெழுகுக்காரரும் அண்ணியும் எங்கள் தெருவுக்கு வந்தார்கள். அண்ணி சைக்கிள் இல்லாமல் வந்தது எனக்கு வேடிக்கையாக இருந்தது. எண்ணெய் தொட்ட கந்தல்களையும், கருகின பாயில் நல்லதாக மிஞ்சிய, புதிதாக எண்ணெய் பூசிய ஒரு துண்டையும் சேர்த்துச் சுருட்டி, ஒரு பழைய தகர வாளியில் திணித்தார்கள். மேலே சாக்கு. வெயில் பட்டால் வெயில்தான் கொளுத்தியது என்று பேச்சு வரும் என்று, என் கடை நிழலில் வைக்கச் சொன்னார் மெழுகுக்காரர். தெருவில் யாரும் கிட்ட வராதபடி சுற்றி நாலு டயரைப் போட்டார் டயர்க் கடைக்காரர். பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர்.

பிறகு எல்லோரும் உட்கார்ந்து வாளியைப் பார்த்தோம்.

ஒரு வாளியைச் சும்மா பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. டீ வந்தது, போனது. லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்து, "என்ன, முட்டை போடப் போகுதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அண்ணி அவ்வப்போது தகரத்தைத் தொட்டுப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார். மத்தியானம் ஆயிற்று. ஒன்றும் ஆகவில்லை.

மெழுகுக்காரர் எழுந்து வேட்டியைத் தட்டினார். "சொன்னேன்ல? எனக்கு அடுப்புல வேலை கிடக்கு."

"இன்னும் கொஞ்ச நேரம் அண்ணா."

"எவ்வளவு நேரம்? சாயங்காலம் வரைக்குமா? நீ உன் புருஷனைக் காப்பாத்தணும்னு நெனக்கிற. நெனக்கிறது தப்பில்ல. அதுக்காக..."

"ஷ்," என்றார் அண்ணி. அவர் கை வாளிமேல் இருந்தது. முகம் மாறியிருந்தது. "இங்க வந்து தொடுங்க."

மெழுகுக்காரர் தொட்டார். கையை எடுத்தார். மறுபடி தொட்டார். அப்படியே உட்கார்ந்துகொண்டார். தகரம் தொட முடியாதபடி சுட ஆரம்பித்தது. அந்தக் கசப்பு வாடை வந்தது. சாக்கின் இழைகளுக்கு நடுவே நூல்போல ஒரு புகை எழுந்து, வளைந்து, காற்றில் கரைந்தது. பிறகு இன்னொன்று. பிறகு குபுகுபுவென்று.

அந்த நேரத்தில்தான் தெருமுனையில் லாரி வந்து நின்றது. டிரைவர் இறங்கி நடந்து வந்தார். மச்சான், மச்சானின் மனைவி, தன் மனைவி, நான், டயர்க் கடைக்காரர், டீக்கடைக்காரர் எல்லோரும் ஒரு தகர வாளியைச் சுற்றி உட்கார்ந்திருப்பதைப் பார்த்தார். புகையைப் பார்த்ததும் அவர் முகம் வெளுத்துவிட்டது.

"யாரு பத்தவச்சது?"

"யாருமில்ல," என்றாள் அவள். எழுந்து அவர் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். தெருவில் அவள் அவர் கையைப் பிடித்து நான் பார்த்ததில்லை. "யாருமே இல்லைங்க. காலையிலேருந்து பாத்துக்கிட்டிருக்கோம். தானா எரியுது. எண்ணெய்த் துணியை மடிச்சு அடைச்சு வச்சா தானா எரியுது. நம்ம வீட்டுலயும் நேத்து எரிஞ்சுது. அன்னிக்குக் கொட்டகையிலயும் அதுதான்."

அவருக்குப் புரிய நேரமாயிற்று. வாளியைப் பார்த்தார். குனிந்து, புகை வருகிற சாக்கை ஒரு குச்சியால் தள்ளினார். உள்ளே சிவப்பாகக் கனன்றது. டயர்க் கடைக்காரர் குடத்தைத் தூக்க, "இரு, இரு," என்று தடுத்தார். இன்னும் கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும்போல இருந்தது அவருக்கு.

மெழுகுக்காரர் மண்ணைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "நாந்தான் மாப்பிள்ளை அடுக்கினேன். சாயங்காலம் மழை வருதுன்னு, ஈரத்தோட, மூலையில ஒண்ணுமேல ஒண்ணா... மேல வைக்கோல் சாக்கையும் போட்டு அமுக்கினேன். நாந்தான்."

டிரைவர் டயர் ஒன்றின்மேல் உட்கார்ந்தார். இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று தெரியவில்லை. கையை எடுத்தபோது இரண்டும் இருந்தது.

"நானே போட்டுட்டேன்னுதான் நெனச்சுக்கிட்டிருந்தேன் மச்சான்," என்றார். "அணைச்சுட்டுத்தான் படுத்தேன்னு ஒரு மனசு சொல்லும். தூக்கக் கலக்கத்துல எங்கேயோ போட்டிருப்பேன்னு இன்னொரு மனசு சொல்லும். லாரி ஓட்டும்போதெல்லாம் இதான். எத்தனை தடவை யோசிச்சுப் பாத்திருப்பேன், அந்தச் சுருட்டை எங்க வச்சேன், எங்க வச்சேன்னு. இன்னிக்கு வரைக்கும் ஞாபகம் வரல."

அண்ணி முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டு, "மொதல்ல தண்ணிய ஊத்துங்கய்யா, இந்தக் கடையும் எரிஞ்சுடப் போகுது," என்றார். அப்போதுதான் அது என் கடை என்பதே எனக்கு நினைவு வந்தது.

அன்றைக்குச் சாயங்காலம் வீட்டு அடுப்பு எரிந்தது. நாலு பேரும் சேர்ந்து சாப்பிட்டார்கள். சோறு தெம்பு கொடுத்ததோ என்னவோ, சாப்பிட்டு முடித்ததும் டிரைவருக்குக் கோபம் வந்தது. எழுந்து வாசலில் நின்று மச்சானைத் திட்ட ஆரம்பித்தார். "ஒரு வார்த்தை கேட்டீங்களா? ஒரே ஒரு வார்த்தை? தெருவுல நடக்க முடிஞ்சுதா எனக்கு? டீக்கடையில தீப்பெட்டி கேட்டா சிரிப்பானுங்க!" மெழுகுக்காரர் தட்டில் கை கழுவியபடியே, "ஆமா மாப்பிள்ளை," "சரிதான் மாப்பிள்ளை," என்று ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினார். தெரு முழுக்கக் கேட்டது. கேட்கட்டும் என்றுதான் சத்தமாகத் திட்டினார் என்று நினைக்கிறேன். மறுநாளும் திட்டினார். நடுநடுவே மச்சானுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

ஏனென்றால் மறுநாள் மெழுகுக்காரர் மெழுகுப் பாத்திரத்தோடு இங்கேயே வந்துவிட்டார். போன பாய்க்குப் பதில் தன்னிடம் இருந்த ஒரு பெரிய துணியைக் கொண்டுவந்து, தேன்மெழுகும் டர்பன்டைனும் கலந்து தேய்த்தார். மெழுகை உருக்கியது பின்கட்டில், டர்பன்டைன் கலந்தது அடுப்பை அணைத்த பிறகு. கனமாகத்தான் இருந்தது. "நாலு பேரு தூக்கணும்னு சொன்னேன்ல," என்றாள் தங்கை. "அதுக்குத்தான் நாலு பேரு இருக்கோமே," என்றார் அண்ணி. எண்ணெய்ப் பாய்கள் இரண்டும் கயிற்றில் விரித்தபடியே நன்றாகக் காயும்வரை யாரும் அவற்றை மடிக்கவில்லை. மேகம் வந்தபோது மடிக்காமல் அப்படியே விரிப்பாகச் சுமந்து டயர்க் கடைக் கூரைக்கு அடியில் தொங்கவிட்டார்கள். நாலு பேர் ஒரு பாயின் நாலு முனையைப் பிடித்துக்கொண்டு தெருவில் ஓடியதைப் பார்க்க ஏதோ ஊர்வலம் மாதிரி இருந்தது.

மேஸ்திரி வந்து மூன்றையும் ஏற்றிக்கொண்டு போனார். சிமெண்டு மூட்டையை மூடிவிட்டதாக அவர் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போன மத்தியானம் பெரிய மழை பிடித்தது. இந்தத் தடவை தூறல் இல்லை. தெருவில் எதிர்ச்சாரி தெரியாத மழை. கடையில் வேலை ஓடாது என்று நான் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு அவர்கள் வீட்டு வாசலுக்குத் தாண்டினேன். உள்ளே மெழுகுக்காரர் சுவரில் சாய்ந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். அண்ணி ஏதோ நறுக்கிக்கொண்டிருந்தார். புருஷனும் பெண்டாட்டியும் வாசற்படியில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் விரல்களில் துணி சுற்றியிருந்தது. நான் ஓரமாக நின்றுகொண்டேன்.

"நானும் நம்பலைங்க உங்களை," என்றாள் அவள். மழைச் சத்தத்தில் கேட்கவேண்டும் என்று கொஞ்சம் உரக்கவே சொல்லவேண்டியிருந்தது.

"தெரியும்."

"நான் வாயத் தொறந்து சொன்னதே இல்லையே. அன்னிக்கு ஒருநாள் தவிர."

"சொல்லணுமா? நீ ஒருநாள்கூடக் கேக்கலையே. 'நீங்க போட்டீங்களா?'ன்னு ஒருநாள்கூட. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு எனக்கே தெரியாது. அதனால நானும் சும்மா இருந்துட்டேன்."

அவள் முழங்காலில் தாடையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் மழையைப் பார்த்தாள். பிறகு அவர் பக்கம் திரும்பினாள்.

"இப்பக் கேக்குறேன். போட்டீங்களா?"

டிரைவர் அவளைப் பார்த்தார். சிரிப்பு மெதுவாக, எங்கிருந்தோ நடந்து வருவதுபோல வந்தது.

"போடல," என்றார். உள்ளே குறட்டை நிற்காததைக் கவனித்து, தலையை அந்தப் பக்கம் திருப்பி, இன்னொரு முறை சத்தமாகச் சொன்னார். "போடல மச்சான்!"

"ஆமா மாப்பிள்ளை," என்றார் மெழுகுக்காரர், கண்ணைத் திறக்காமலே.